வெள்ளோட்டத்தில் பிறந்த முறை

முடிவெடுக்க வேண்டியவர் மனிதராகவே இருக்க, அவருக்கு வேண்டிய செய்தியையும் கணக்கையும் அவர் புரிந்துகொள்ளும் வடிவில், காலம் கைநழுவுவதற்குள் அவர் முன் கொண்டுவந்து வைக்கும் ஏற்பாடே முடிவுத்துணை அமைப்பு. இந்தப் பெயர் அமெரிக்க நிர்வாகவியல் எழுத்துகளில் 1971-இல் இடம்பிடித்தது. ஆனால் அப்படியொரு ஏற்பாட்டை எப்படி வடிவமைப்பது, முழுதாகக் கட்டும் முன் எப்படிச் சோதித்துப் பார்ப்பது என்ற கேள்விகளுக்கான விடைகள் அதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே, மின்னணுக் கணினி பிறக்காத காலத்திலேயே, இங்கிலாந்தின் ஒரு விமானத் தளத்தில் கிடைக்கத் தொடங்கிவிட்டன. புதுத் தேர் செய்தால் சாமியை ஏற்றும் முன் வெள்ளோட்டம் விடுவார்கள். எந்தச் சக்கரம் திக்குகிறது, எந்த முக்கில் தேர் திரும்ப மறுக்கிறது என்பது இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். முடிவுத்துணை அமைப்பு கட்டும் தொழில் கற்றுக்கொண்டவற்றில் பெரும்பகுதி அப்படி இழுத்துப் பார்த்துக் கற்றதுதான்.

1935 பிப்ரவரி 26 அன்று டேவென்ட்ரி என்ற ஊருக்கு அருகே ராபர்ட் வாட்சன்-வாட்டும் ஆர்னால்ட் வில்கின்ஸும் ஒரு வானொலி நிலையத்தின் அலைகள் பறக்கும் விமானத்தில் பட்டுத் திரும்புவதைக் கருவியில் கண்டார்கள். பின்னாளில் ரேடார் என்று பெயர்பெற்ற நுட்பத்தின் தொடக்கம் அது. குண்டுவீச்சு விமானம் வருவதைத் தொலைவிலேயே அறிய முடியும் என்பது உறுதியானது. ஆனால் அறிவது வேறு, அதை வைத்து என்ன செய்வது என்று முடிவெடுப்பது வேறு. வருகிற விமானம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதாது. இன்னும் சில நிமிடங்களில் அது எங்கே இருக்கும் என்று கணித்து, அந்த இடத்துக்குப் போர் விமானத்தை அனுப்ப வேண்டும். வான் பாதுகாப்புக்கான அறிவியல் குழுவுக்குத் தலைமை வகித்த ஹென்றி டிசார்ட் இந்த இடைவெளியைத் தெளிவாகக் கண்டார். ரேடார் நிலையங்கள் தயாராகும்வரை காத்திருந்தால் அவற்றைப் பயன்படுத்தும் வழியைக் கற்க நேரம் இருக்காது என்பதும் அவருக்குப் புரிந்தது.

ஆகவே 1936 ஆகஸ்டில் லண்டனுக்குத் தெற்கே பிகின் ஹில் தளத்தில் ஒரு விசித்திரமான சோதனை தொடங்கியது. ரேடார் இன்னும் வரவில்லை. வந்துவிட்டதாக வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார்கள். ஹாக்கர் ஹார்ட் வகை விமானங்கள் எதிரிகளாகப் பறந்தன. அவை இருக்கும் இடத்தை வேறு வழியில் கண்டறிந்து, ரேடார் தந்தால் எப்படி வருமோ அப்படி, அதற்குரிய தாமதத்தோடும் பிழையோடும் கட்டுப்பாட்டு அறைக்குத் தந்தார்கள். அறையில் இருந்த அதிகாரி அந்த அரைகுறைச் செய்தியை வைத்து, வானில் இருந்த காண்ட்லெட் போர் விமானங்களுக்கு வானொலி வழியே திசை சொல்ல வேண்டும். கருவி செய்ய வேண்டிய வேலையைத் திரைக்குப் பின்னால் மனிதர் செய்துகாட்டி, பயன்படுத்துபவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று பார்க்கும் இந்த உத்திக்கு 1980-களில் கணினித் துறையினர் 'ஊஸ் மந்திரவாதி' என்று பெயர் வைத்தார்கள். உத்தி அதற்கு அரை நூற்றாண்டு மூத்தது.

முதலில் முக்கோணவியல் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். கணக்கு சரியாகத்தான் வந்தது. ஆனால் விடை வருவதற்குள் எதிரி விமானம் இடம் மாறிவிட்டது. தளத்தின் பொறுப்பாளராக இருந்த விங் கமாண்டர் கிரென்ஃபெல் கணக்கை ஒதுக்கிவிட்டுக் கண்மதிப்பாலேயே திசை சொல்லிப் பார்த்தார். அது நன்றாகவே பலித்தது. டிசார்ட் அதைப் பார்த்து ஓர் எளிய வழி சொன்னார். போர் விமானத்தையும் எதிரி விமானத்தையும் இணைக்கும் கோட்டை அடிப்பக்கமாக வைத்துக்கொள். எதிரியின் பாதை அந்தக் கோட்டோடு எந்தக் கோணத்தில் இருக்கிறதோ அதே கோணத்தில் இந்தப் பக்கத்திலிருந்து உன் விமானத்தை அனுப்பு. இரு பாதைகளும் ஓர் இருசமபக்க முக்கோணத்தின் உச்சியில் சந்திக்கும். போர் விமானத்தின் வேகம் எதிரிக்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருந்தால் உரிய நேரத்தில் அங்கே போய்ச் சேரும். எதிரி பாதை மாறினால் புதிதாக ஒரு முக்கோணம். வானோடிகள் இதற்கு 'டிஸ்ஸி கோணம்' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். துல்லியம் குறைந்த ஆனால் உடனே கிடைக்கிற விடை, துல்லியமான ஆனால் தாமதமான விடையை வென்றது. இது மேசைக்கு முன் அமர்ந்து யோசித்திருந்தால் கிடைத்திருக்காத பாடம். போலிச் செய்தியை வைத்து உண்மையான ஆட்களை முடிவெடுக்கவைத்ததால் கிடைத்தது.

அந்தச் சோதனையின் வழிவந்தவைதான் போர்க்காலத்தில் பென்ட்லி பிரையரியில் இயங்கிய வடிகட்டும் அறையும் கட்டளை அறைகளும். பல நிலையங்களிலிருந்து ஒன்றுக்கொன்று முரண்பட்டு வரும் தகவல்களை வடிகட்டும் அறையில் ஒப்பிட்டு ஒரே பாதையாக்கி, பிறகுதான் மேலே அனுப்பினார்கள். கட்டளை அறை மேசைமேல் விரித்த பெரிய வரைபடத்தில் பெண் பணியாளர்கள் நீண்ட கோல்களால் குறிகளை நகர்த்தினார்கள். சுவரில் இருந்த கடிகாரத்தின் முகத்தில் ஐந்தைந்து நிமிடப் பகுதிகளுக்குச் சிவப்பு, மஞ்சள், நீலம் என மாறிமாறி வண்ணம் பூசியிருந்தது. நிமிடமுள் எந்த வண்ணத்தில் இருக்கும்போது தகவல் வந்ததோ அதே வண்ண அம்புக்குறியை மேசைமேல் வைப்பார்கள். மாடத்திலிருந்து பார்க்கும் அதிகாரிக்கு, யாரையும் கேட்காமலேயே, எந்தத் தகவல் புதியது, எது பழசாகிவிட்டது என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும். திரையில் தெரியும் எண் எப்போதைய எண் என்று சொல்லாத நவீன அமைப்புகள் இன்றும் ஏராளம். அந்த வண்ணக் கடிகாரத்தின் முன் அவை வெட்கப்பட வேண்டும்.

போருக்குப் பின் இதே வேலை கணினிக்கு மாறியது. 1949-இல் சோவியத் ஒன்றியம் அணுகுண்டைச் சோதித்ததும் அமெரிக்கா வான் பாதுகாப்பைக் கணினிமயமாக்க முனைந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜே ஃபாரஸ்டரின் குழு கட்டிய வேர்ல்விண்ட் கணினிதான் கையில் இருந்தது. நாடு முழுவதற்குமான அமைப்பை ஒரேயடியாகக் கட்டாமல், 1953-இல் கேப் காட் கடற்கரையைச் சுற்றியுள்ள சில ரேடார்களை மட்டும் வேர்ல்விண்டோடு இணைத்து ஒரு சிறு அமைப்பை இயக்கிப் பார்த்தார்கள். திரையில் தெரியும் ஒளிப்புள்ளியைச் சுட்டிக்காட்ட ஒளித்துப்பாக்கி என்ற கருவி இருந்தது. இந்த வெள்ளோட்டத்தின் பயனாக வந்த சேஜ் அமைப்பின் முதல் மையம் 1958-இல் நியூ ஜெர்சியில் செயல்படத் தொடங்கியது. ஒவ்வொரு மையத்திலும் சுமார் 50,000 வெற்றிடக் குழாய்கள் கொண்ட கணினி. மணிக்கணக்கில் திரையை உற்றுப் பார்ப்பவரின் வசதிக்காக மேசையிலேயே சிகரெட் பற்றவைக்கும் கருவியும் சாம்பல் கிண்ணமும் பொருத்தியிருந்தார்கள்.

ராணுவ அறையிலிருந்து இந்தச் சிந்தனை வணிக அலுவலகத்துக்கு வந்தது மைக்கேல் ஸ்காட் மார்ட்டன் என்ற ஆய்வு மாணவரால். 1960-களின் நடுவில் அவர் ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். அக்காலத்தில் அலுவலகக் கணினி என்றால் சம்பளப் பட்டியல், சரக்கிருப்புக் கணக்கு; மாதம் ஒருமுறை மேலாளர் மேசைக்கு ஒரு கட்டு அச்சுத்தாள் வரும். அதை அவர் பெரும்பாலும் புரட்டுவதில்லை. மேலாளர் தாமே திரைமுன் அமர்ந்து கேள்வி கேட்டால் என்ன ஆகும் என்று பார்க்க ஸ்காட் மார்ட்டன் விரும்பினார்.

அவர் எடுத்துக்கொண்டது சலவை இயந்திரம் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் மீண்டும் மீண்டும் எடுக்க வேண்டியிருந்த ஒரு முடிவு: வரும் மாதங்களில் எந்த மாடலை எத்தனை தயாரிப்பது? விற்பனைப் பிரிவுக்கு எல்லா மாடலும் எப்போதும் கையிருப்பில் இருக்க வேண்டும். உற்பத்திப் பிரிவுக்கு ஒரே மாடலைத் தொடர்ந்து ஓட்டுவதுதான் வசதி. இருவருக்கும் இடையில் தாள்கள் போவதும் வருவதுமாக வாரங்கள் கழிந்தன. ஸ்காட் மார்ட்டன் முதலில் செய்தது கருவி கட்டுவதல்ல. அந்த மேலாளர்கள் இப்போது எப்படி முடிவெடுக்கிறார்கள், எந்த எண்ணை முதலில் பார்க்கிறார்கள், எதைக் கேட்டு யாரை அழைக்கிறார்கள் என்று உடனிருந்து பதிவுசெய்தார். அதன் பிறகே அமைப்பு வந்தது. 21 அங்குலத் திரை, ஒளிப்பேனா. நொடிக்கு 2,400 பிட் வேகமுள்ள தொலைபேசி இணைப்பின் மறுமுனையில் இரண்டு யூனிவாக் 494 கணினிகள். விற்பனைக் கணிப்பும் உற்பத்தித் திட்டமும் வரைகோடாகத் திரையில் தெரியும். பேனாவால் தொட்டு மாற்றினால் இருப்பு எங்கே குறையும் என்பது அங்கேயே தெரியும்.

வாரக்கணக்கில் இழுத்த வேலை ஒன்றிரண்டு அமர்வுகளில் முடிந்தது. ஆனால் அதைவிட முக்கியமான விளைவு வேறு. எதிரெதிர் நலன் கொண்ட இருவரும் ஒரே திரைமுன் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். "உன் எண், என் எண்" என்ற வாதம் போய், கண்முன் இருக்கும் கோட்டைப் பற்றிப் பேச்சு வந்தது. கணினி எந்த மாடலை எத்தனை செய்ய வேண்டும் என்று விடை சொல்லவில்லை. ஒவ்வொரு யோசனைக்கும் விளைவு என்ன என்று காட்டியது, அவ்வளவுதான்.

இத்தகைய முடிவுகளுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. முடிவெடுப்பதைத் தேடல், வடிவமைத்தல், தேர்ந்தெடுத்தல் என்று மூன்று கட்டங்களாகப் பிரித்தவர் ஹெர்பர்ட் சைமன். 1978-இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். விதிமுறைக்குள் அடங்கும் முடிவு, அடங்காத முடிவு என்ற பாகுபாடும் 1960-இல் அவர் எழுதியதுதான். 1971-இல் ஆந்தனி கோரியும் ஸ்காட் மார்ட்டனும் அந்தப் பாகுபாட்டோடு நிர்வாகத்தின் படிநிலைகளைச் சேர்த்து ஒரு கட்டம் போட்டார்கள். சரக்கு தீர்ந்தால் எப்போது வாங்குவது என்பது விதிக்குள் முழுதும் அடங்கும்; அதைக் கணினியே செய்யலாம். ஒரு நிறுவனத்தை வாங்குவதா வேண்டாமா என்பதில் விதி சொல்ல முடிந்தது கொஞ்சம், மீதி மனிதரின் மதிப்பீடு. பாதி அடங்கி பாதி அடங்காத அந்த நடுப்பகுதிக்கான கருவிகளையே முடிவுத்துணை அமைப்பு என்றார்கள். அந்தப் பாதியின் எல்லை எங்கே இருக்கிறது என்பது முன்கூட்டித் தெரியாது என்பதுதான் வடிவமைப்பவருக்கு வந்த சிக்கல். சம்பளப் பட்டியலுக்கு மென்பொருள் எழுதுபவர் "என்ன வேண்டும்?" என்று கேட்டு எழுதிக்கொண்டு போகலாம். முடிவுத்துணை அமைப்பைக் கட்டுபவர் அதே கேள்வியைக் கேட்டால், எதிரில் இருப்பவருக்கே விடை தெரியாது. ஒன்றைக் கையில் கொடுத்த பிறகுதான், "இது இல்லை, இன்னும் கொஞ்சம் இப்படி" என்று அவர் சொல்லத் தொடங்குவார்.

ஜான் லிட்டில் 1970-இல் எழுதிய கட்டுரை இதை வேறொரு பக்கத்திலிருந்து தொட்டது. கணித வல்லுநர்கள் அருமையான மாதிரிகளைச் செய்து கொடுக்கிறார்கள், மேலாளர்கள் அவற்றைத் தொடுவதே இல்லை, ஏன்? மாதிரி எளிதாக இருக்க வேண்டும். அபத்தமான விடை தராதபடி உறுதியாக இருக்க வேண்டும். பயன்படுத்துபவர் தம் விருப்பப்படி திருப்பக்கூடியதாக, புதுச் செய்தி வந்தால் மாறிக்கொள்வதாக, முக்கியமான எதையும் விடாததாக, பேச எளிதானதாக இருக்க வேண்டும் என்றார். இந்த ஆறு தகுதிகளையும் ஒருசேர அடைவது இன்றும் எளிதல்ல. முதலாவதும் ஐந்தாவதும் ஒன்றையொன்று இழுக்கும்.

தாமஸ் ஜெரிட்டி வங்கிகளின் முதலீட்டு மேலாளர்களுக்காகச் செய்த அமைப்பு இந்தத் துறையின் முதல் ஏமாற்றங்களில் ஒன்று என்பதாலேயே குறிப்பிடத்தக்கது. அவர் முதலில் மேலாளர் இப்போது முடிவெடுக்கும் விதத்தை விவரித்தார். பிறகு எடுக்க வேண்டிய விதத்தை வரைந்தார். இரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் கடக்கவே கருவியை வடிவமைத்தார். தனித்தனிப் பங்குகளைப் பார்க்காமல், வாடிக்கையாளரின் முதலீட்டுத் தொகுப்பை முழுமையாகப் பார்க்கவைப்பது நோக்கம். மேலாளர்கள் கருவியை விரும்பிப் பயன்படுத்தினார்கள். ஆனால் பழையபடி பங்கு பங்காகப் பார்க்கவே பயன்படுத்தினார்கள். கருவி மாறினால் பழக்கம் தானே மாறிவிடும் என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது.

இந்த வரலாற்றின் மிகத் துணிச்சலான வெள்ளோட்டம் நடந்தது சிலி நாட்டில். 1970-இல் தேர்தலில் வென்ற சால்வடோர் அயெண்டேயின் அரசு தொழிற்சாலைகளை வேகமாக நாட்டுடைமையாக்கியது. அவற்றை மேற்பார்வையிட்ட கோர்ஃபோ என்ற அரசு நிறுவனத்துக்குச் சமாளிக்க முடியவில்லை. அங்கே பணியாற்றிய 28 வயதுப் பொறியாளர் ஃபெர்னாண்டோ ஃபுளோரஸ் 1971 ஜூலையில் பிரிட்டனில் இருந்த நிர்வாகவியலாளர் ஸ்டாஃபோர்ட் பீருக்குக் கடிதம் எழுதினார். பீர் அதே ஆண்டு நவம்பரில் சாண்டியாகோவில் இறங்கினார். சைபர்சின் திட்டம் அப்படித்தான் பிறந்தது.

கையில் இருந்த வசதி மிகக் குறைவு. திட்டத்துக்குக் கிடைத்தது ஒரு கணினியின் நேரம்; அதோடு, முந்தைய அரசு வாங்கிக் கிடங்கில் போட்டிருந்த சுமார் 400 டெலக்ஸ் இயந்திரங்கள். அவற்றைத் தொழிற்சாலைகளில் நிறுவி, நாள்தோறும் எண்களைத் தலைநகருக்கு அனுப்பச் செய்தார்கள். ஆலை என்ன எண்ணை அனுப்புவது? இந்தக் கேள்விக்கு அவர்கள் கண்ட விடை இன்றும் படிக்கத் தக்கது. ஒவ்வொரு வேலைக்கும் மூன்று அளவு: இன்று உண்மையில் எவ்வளவு நடக்கிறது, இருக்கிற வசதியைக் கொண்டு எவ்வளவு நடத்தலாம், தடைகளை நீக்கினால் எவ்வளவு நடத்த முடியும். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் ஒரு விகிதம், இரண்டாவதை மூன்றாவதால் வகுத்தால் இன்னொன்று. டன், மீட்டர், லிட்டர் என்ற வேறுபாடு எல்லாம் மறைந்து, நிலக்கரிச் சுரங்கத்தையும் துணியாலையையும் ஒரே அளவுகோலில் பார்க்க முடிந்தது.

இந்த எண்களைக் கணினியில் இட்டுப் பார்க்கும் மென்பொருளுக்குச் சைபர்ஸ்ட்ரைட் என்று பெயர். எண் சும்மா ஏறி இறங்குகிறதா, ஒரேயடியாகப் படி மாறிவிட்டதா, மெல்லப் போக்கு மாறுகிறதா என்று பிரித்தறிய, ஹாரிசனும் ஸ்டீவன்ஸும் அப்போதுதான் வெளியிட்டிருந்த புள்ளியியல் முறையை எடுத்துக்கொண்டார்கள். மாற்றம் உண்மையானது என்று தெரிந்தால் செய்தி முதலில் அந்த ஆலைக்குத்தான் போகும். குறித்த காலத்துக்குள் ஆலை அதைச் சரிசெய்யாவிட்டால்தான் அடுத்த படிக்கு ஏறும். மேலே இருப்பவருக்கு எல்லாவற்றையும் காட்டாமல் இருப்பதும் வடிவமைப்பின் ஒரு பகுதி என்பதைப் பீர் நன்கு உணர்ந்திருந்தார்.

பீர் வைத்த கெடு நான்கே மாதம். அதனால் மென்பொருளை இரண்டாகப் பிரித்தார்கள். லண்டனில் ஒரு குழு அவசரத்துக்குத் தற்காலிகப் பதிப்பை எழுதியது. சாண்டியாகோவில் சிலிக் குழு நிலையான பதிப்பை எழுதத் தொடங்கியது. தற்காலிகப் பதிப்பு 1972 மார்ச்சில் ஓடியது. அதே ஆண்டு அக்டோபரில் லாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்து நாட்டின் போக்குவரத்தை முடக்கினார்கள். எந்தச் சாலை திறந்திருக்கிறது, எந்த ஊரில் எது தீர்ந்துவிட்டது, எந்த லாரி சும்மா நிற்கிறது என்ற செய்திகள் டெலக்ஸ் வழியே இரவும் பகலும் வந்தன. இருந்த சில லாரிகளைக் கொண்டு அரசு சமாளித்தது. அந்த நெருக்கடியில் கைகொடுத்தது புள்ளியியல் மென்பொருளைவிடச் சாதாரண டெலக்ஸ் இணைப்புதான். திட்டத்தின் மிக எளிய பகுதிதான் மிகப் பயன்பட்டது என்பது அதை வடிவமைத்தவர்களுக்கே புதிய செய்தி.

திட்டத்தின் முகமாக இன்று எல்லாருக்கும் தெரிவது அதன் கட்டுப்பாட்டு அறை. ஜெர்மனியிலிருந்து வந்த வடிவமைப்பாளர் கூய் பொன்சீப்பேயின் குழு செய்தது. அறுகோண அறை, வட்டமாக ஏழு சுழல் நாற்காலிகள். மேசை கிடையாது, காகிதம் கொண்டுவரக் கூடாது. நாற்காலிக் கையில் பெரிய பொத்தான்கள்; அருகே சாம்பல் கிண்ணமும் கோப்பை வைக்க இடமும். பொத்தானை அழுத்தினால் சுவரில் ஆலையின் வரைபடம் விரியும். பார்ப்பவருக்குக் கணினித் திரை போலத் தோன்றிய அந்தப் படங்கள் உண்மையில் வடிவமைப்புக் குழுவின் பெண்கள் கையால் வரைந்து, படமெடுத்து, ஒளிப்படத் தகடுகளாக்கியவை. தகவல் மாறும்போதெல்லாம் அவர்கள் புதிதாக வரைய வேண்டும். பிகின் ஹில்லில் போல இங்கும் இயந்திரத்தின் பங்கை மனிதக் கைகள் ஆற்றின. பெரிய பொத்தான்களை வைத்ததற்குப் பீர் சொன்ன காரணம் உற்றுநோக்கத் தக்கது: விசைப்பலகை வைத்தால் முடிவெடுப்பவருக்கும் கருவிக்கும் நடுவே தட்டச்சுப் பெண் ஒருத்தி வந்துவிடுவாள் என்றார். தொழிலாளியும் அமர்ந்து முடிவெடுக்கும் அறை என்பது அவர்களது கனவு. அந்தத் தொழிலாளி ஆணாகத்தான் இருப்பார் என்ற எண்ணம் நாற்காலியின் வடிவிலேயே படிந்திருந்தது. திரைப் படங்களை வரைந்த பெண்களுக்கு அறையில் இருக்கை யோசிக்கப்படவில்லை. ஒரு முன்மாதிரி அதைச் செய்தவர்கள் சொல்ல நினைத்ததை மட்டுமல்லாமல், சொல்லாமல் நம்பியதையும் வெளியே காட்டிவிடும்.

அயெண்டே 1972 டிசம்பர் 30 அன்று அறையைப் பார்வையிட்டார். 1973 செப்டம்பர் 8 அன்று அதைக் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு மாற்ற உத்தரவிட்டார். மூன்று நாளில் ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது, அவர் இறந்தார். அறை அன்றாட வேலைக்கு ஒருபோதும் வரவில்லை. ஆகவே அந்த முறை வெற்றி பெற்றிருக்குமா என்ற கேள்விக்கு விடை தர யாராலும் முடியாது.

சாண்டியாகோவில் நாற்காலிகளை வார்த்துக்கொண்டிருந்த அதே 1972-இல், இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் டி டோம்பால் என்ற மருத்துவரின் குழு அமைதியாக ஒரு முடிவை வெளியிட்டது. திடீர் வயிற்றுவலியோடு வருபவருக்கு என்ன நோய்? குடல்வால் அழற்சியா, வயிற்றுப்புண் வெடித்ததா, பித்தப்பையா, அல்லது தானே சரியாகிவிடும் வலியா? கத்தியை எடுப்பதா வேண்டாமா என்பது இதைப் பொறுத்தது. நோயாளியின் குறிகளைப் படிவத்தில் நிரப்பிக் கணினிக்குக் கொடுத்தால், பேயஸ் நிகழ்தகவு விதிப்படி ஏழு நோய் வகைகளுக்கும் வாய்ப்பைக் கணக்கிட்டுச் சொல்லும். 304 நோயாளிகளில் கணினி 91.8 விழுக்காடு சரியாகச் சொன்னது. குழுவின் மிக மூத்த மருத்துவர் 79.6 விழுக்காடு.

எல்லாரும் நினைவில் வைத்திருப்பது இந்த இரண்டு எண்களைத்தான். டி டோம்பால் குழு 1974-இல் எழுதியதில் இன்னும் ஆழமான செய்தி இருக்கிறது. சோதனை நடந்த காலத்தில் மருத்துவர்களின் சொந்தக் கணிப்பும் மேம்பட்டது. படிவம் அவர்களை ஒவ்வொரு கேள்வியையும் தவறாமல் கேட்கவைத்தது. எங்கே தவறினார்கள் என்பது பிறகு அவர்களுக்குத் தெரியவந்தது. சோதனை நின்றதும் அந்த மேம்பாடு மெல்லக் கரைந்தது. அப்படியானால் பயன் தந்தது கணினியின் விடையா, அதற்கு முந்தைய படிவமா? முடிவுத்துணை அமைப்பை மதிப்பிடும் எவரும் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. கருவி சொல்லும் விடையைத் தனியே அளந்தால் போதாது. கருவியைச் சுற்றி மனிதரின் வேலை எப்படி மாறியது என்பதையும் அளக்க வேண்டும். ஏறத்தாழ அதே காலத்தில் ஸ்டான்ஃபோர்டில் உருவான மைசின் அமைப்பு நோய்த்தொற்றுக்கு மருந்து பரிந்துரைப்பதில் வல்லுநர்களுக்கு இணையாக இருந்தும், மருத்துவமனையின் அன்றாட வேலைக்குள் நுழையவே இல்லை. ஆனால் "ஏன் இதைக் கேட்கிறாய்?" என்று மருத்துவர் கேட்டால் காரணம் சொல்லும் வசதி அதில் இருந்தது. அந்த ஒரு வசதி பின்வந்த பல அமைப்புகளுக்கு வழிகாட்டியது.

இவ்வளவு அனுபவம் சேர்ந்த பிறகே முறைகளுக்குப் பெயரும் இலக்கணமும் வந்தன. மென்பொருள் உலகில் அப்போது செல்வாக்குப் பெற்றிருந்தது அருவிபோல் படிப்படியாக இறங்கும் முறை: தேவையை எழுது, வடிவமை, கட்டு, சோதி, ஒப்படை. 1980-இல் பீட்டர் கீன் இதற்கு மாறான பார்வையை முன்வைத்தார். பயன்படுத்துபவர், கட்டுபவர், கருவி மூவரும் ஒருவரையொருவர் மாற்றிக்கொண்டே இருப்பார்கள். கருவி பயன்படுத்துபவருக்குக் கற்றுக்கொடுக்கிறது, கற்றவர் புதிதாகக் கேட்கிறார், கேட்டதைக் கட்டும்போது கட்டுபவரும் கற்கிறார். ஆகவே 'இறுதி வடிவம்' என்ற சொல்லுக்கு இங்கே பொருள் குறைவு. அடுத்த ஆண்டு அவரே செலவுக் கணக்குக்கும் ஒரு வழி சொன்னார். பயனை முன்கூட்டி ரூபாய் அணாவாகக் கணக்கிட முடியாது. ஆகவே ஒரு சிறு தொகைக்கு உச்சவரம்பு வைத்து 'பதிப்பு 0' ஒன்றைச் செய். அது அந்தத் தொகைக்குத் தகுந்தது என்று தோன்றினால் மேலே போ. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்குவது போன்ற இந்த அணுகுமுறை, முதலிலேயே முழு மதிப்பீடு கேட்கும் நிதிப் பிரிவுகளோடு மோதியதில் வியப்பில்லை.

ரால்ஃப் ஸ்பிரேக்கும் எரிக் கார்ல்சனும் 1982-இல் வெளியிட்ட நூல் கட்டுபவர்களின் கைநூலாயிற்று. கார்ல்சன் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில், வரைபடத்தின் மேல் தரவைக் காட்டும் ஓர் அமைப்பில் பணியாற்றியவர். அந்த நகரக் காவல்துறையினர் தங்கள் ரோந்து எல்லைகளை அதில் தாங்களே வரைந்து பார்த்தார்கள். ஒரே சிக்கலை ஒவ்வொருவரும் ஒவ்வொரு வழியில் அணுகினார்கள். ஒரே வழியைத் திணிக்கும் கருவி தோற்கும் என்பது அங்கே கிடைத்த அறிவு. ஆகவே கார்ல்சன் முடிவெடுக்கும் வழியை வரையாமல், எந்த வழிக்கும் தேவைப்படும் நான்கை மட்டும் வடிவமைக்கச் சொன்னார்: சிக்கலைக் காட்டும் வடிவங்கள், அவற்றின் மேல் செய்யக்கூடிய செயல்கள், இடையில் கண்டதைக் குறித்துவைக்கும் நினைவுத் துணைகள், இவற்றையெல்லாம் தம் போக்கில் இயக்கும் பிடிகள்.

முன்மாதிரியிலும் இரண்டு மரபுகள் பிரிந்தன. செய்து, கற்று, தூக்கியெறிவது ஒன்று. முதலில் செய்வதை எப்படியும் எறியத்தான் போகிறோம், அதற்குத் தயாராக இரு என்று ஃபிரெட் புரூக்ஸ் 1975-இலேயே எழுதியிருந்தார். சிறிதாகத் தொடங்கி அதையே வளர்த்துக்கொண்டுபோவது மற்றொன்று. முடிவுத்துணை அமைப்புகளில் இரண்டாவது மரபே ஓங்கியது. அதன் விலையும் விரைவில் தெரிந்தது. மரியம் அலவி 1984-இல் வெளியிட்ட ஆய்வில், முன்மாதிரி வழியில் கட்டியவற்றைப் பயன்படுத்துபவர்கள் அதிகம் விரும்பினார்கள். கட்டுபவர்களுக்கோ வேலையைத் திட்டமிட்டுக் கட்டுக்குள் வைப்பது கடினமாக இருந்தது. திரையில் பளிச்சென்று தெரிவதைப் பார்த்த மேலதிகாரி வேலை முடிந்துவிட்டதாக நினைப்பார். பின்னால் தரவுச் சோதிப்பும் பாதுகாப்பும் இன்னும் எழுதப்படவே இல்லை என்று அவரை நம்பவைப்பது பெரும்பாடு.

நூல்கள் இப்படி விவாதித்துக்கொண்டிருக்கையில், ஒரு மாணவரின் எரிச்சல் இந்தத் தொழிலின் போக்கையே மாற்றியது. ஹார்வர்ட் வணிகப் பள்ளியில் 1978-இல் டான் பிரிக்ளின் வகுப்பில் உட்கார்ந்திருந்தார். கரும்பலகையில் ஒரு கட்டத்து எண்ணை மாற்றினால் அடுத்தடுத்த எல்லாக் கட்டங்களையும் அழித்து எழுத வேண்டும். அந்தப் பலகையே தானாகக் கணக்கிட்டுக்கொண்டால்? ஒரு வார இறுதியில், இரவல் வாங்கிய ஆப்பிள் 2 கணினியில், பேசிக் மொழியில் ஒரு முன்மாதிரி எழுதினார். பாப் ஃபிராங்ஸ்டன் அதை வேகமாக ஓடும் நிரலாக மாற்றி எழுதினார். விசிகால்க் என்ற பெயரில் 1979-இல் விற்பனைக்கு வந்தது.

ஸ்காட் மார்ட்டனுக்கு இரண்டு யூனிவாக் கணினிகளும் ஒளிப்பேனாவும் தேவைப்பட்ட வேலையை, இனி ஒரு மேலாளர் தம் மேசையில் தாமே செய்ய முடிந்தது. கட்டுபவரும் பயன்படுத்துபவரும் ஒருவரே ஆனார். கீன் சொன்ன மூவரில் இருவர் இணைந்ததால் சுற்று மின்னல் வேகத்தில் ஓடியது. காலையில் தோன்றிய கேள்விக்கு மதியத்துக்குள் விரிதாள் தயார். கூடவே இன்னொன்றும் நடந்தது. பதிப்பு 0 என்று தொடங்கிய விரிதாள் யாரும் சோதிக்காமலே ஆண்டுக்கணக்கில் ஓடிற்று. எழுதியவர் வேலை மாறிப் போன பிறகும், எந்தக் கட்டத்தில் எந்த அனுமானம் புதைந்திருக்கிறது என்று தெரியாமலே அடுத்தவர் அதை நம்பி முடிவெடுத்தார். விரிதாள்களில் பிழை எவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதை ஆராய்வதே பிறகு ஒரு தனித் துறையாக வளர்ந்தது. வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் இன்று நடைமுறையில் இருக்கும் முடிவுத்துணைக் கருவிகளில் கணிசமானவை, யாரோ ஒருவர் ஒரு மாலையில் வெள்ளோட்டமாகத் தொடங்கி, பிறகு நிறுத்த நேரமில்லாமல் போன விரிதாள்களே.